கடைக்கு வழி தெரியும், இணையத்தளத்திற்குள் வழி தெரியுமா?

புறக்கோட்டைக்கு முதன்முறையாக வரும் ஒருவருக்குக்கூட அங்கு பொருள் தேடுவது பெரிய காரியமல்ல. தங்க நகை வேண்டுமென்றால் செட்டியார் தெரு, இரும்புச் சாமான் வேண்டுமென்றால் பழைய சோனகத் தெரு, மொத்தமாகப் பலசரக்கு வேண்டுமென்றால் நாலாம் குறுக்குத் தெரு என்று வண்டி தள்ளிக்கொண்டு போகும் நாட்டாமையும் வழி சொல்லிவிடுவார். ஒரே வகைச் சரக்கு ஒரே தெருவில் இருப்பதும், அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் இருப்பதும், ஒரு தெருவிலிருந்து மற்றத் தெருவுக்குப் பாதை திறந்திருப்பதுமே இதற்குக் காரணம்.

இதே தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்யும் எமது வர்த்தகர்கள் பலரும் இன்று இணையத்தளம் வைத்திருக்கின்றனர். அவற்றைப் பார்த்துக் குறைநிறை சொல்லும்படி என்னிடம் கேட்பவர்கள் அடிக்கடி கூறும் முறைப்பாடு ஒன்றுதான். "தளம் அழகாக இருக்கிறது, செலவும் செய்தாயிற்று. ஆனால் கூகுளில் தேடினால் எமது சாமான் ஒன்றுமே வருவதில்லை. எம்மைவிடச் சிறிய கடையின் பெயர் முன்னால் வருகிறது. ஏன்?"

காரணங்கள் பல இருக்கலாம். எனினும் நான் பார்த்தவரையில் முதலில் சோதிக்க வேண்டியது தளத்திற்குள் இருக்கும் வழிகளைத்தான். மெனு, இணைப்புகள், பக்கங்களின் ஒழுங்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த வழி. அது அடைபட்டிருந்தால் உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தாலும் தேடுபொறிக்குத் தெரியாது. எனவே இவ்வாரம் இந்த விடயத்தை, கணனி அறிவு அதிகம் இல்லாதவர்களுக்கும் விளங்கும் விதத்தில் பார்ப்போம்.

தேடுபொறி எப்படி நடக்கிறது?

1998ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களது முறையின் அடிப்படையே இணைப்புகள்தான். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டிக்காட்டுகின்றன என்பதை வைத்து அதன் முக்கியத்துவத்தைக் கணிப்பதே அந்த முறை. இன்று வேறு பல அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. ஆயினும் இணைப்பின் பங்கு இல்லாமற் போய்விடவில்லை.

கூகுளிடம் 'கூகுள்பொட்' எனப்படும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது ஒரு பக்கத்திற்கு வரும், அதிலுள்ள எழுத்துக்களை வாசிக்கும், அங்கிருக்கும் இணைப்புகளைக் குறித்துக்கொண்டு அடுத்தடுத்த பக்கங்களுக்குச் செல்லும். இவ்வாறு சேகரித்தவற்றைக் கொண்டே பெரும் அட்டவணை ஒன்றைத் தயாரிக்கிறது. நாம் தேடும்போது விடை வருவது இந்த அட்டவணையிலிருந்துதான். ஆகவே பொட் வந்து சேராத பக்கம் அட்டவணையில் ஏறாது. அட்டவணையில் ஏறாத பக்கம் எந்தத் தேடலிலும் வராது.

இந்தப் பொட்டை, கடைக்கு வரும் வாய் பேசாத ஒரு வாடிக்கையாளராக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் திறந்திருக்கும் கதவு வழியாக நடப்பார். பலகையில் எழுதியிருப்பதை வாசிப்பார். ஆனால் "இன்ன சாமான் இருக்கிறதா?" என்று கேட்க மாட்டார். மூடிய அலுமாரியைத் திறந்து பார்க்கவும் மாட்டார். அதாவது, உங்கள் தளத்திலுள்ள தேடல் பெட்டியில் பொருளின் பெயரைத் தட்டிப் பார்ப்பார், பொத்தான்களை அழுத்திப் பார்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

அடைபட்ட வழிகள்

கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றின் தளத்தை நான் பார்த்தேன். அறுநூறுக்கும் அதிகமான பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, விளக்கம் எல்லாம் இருந்தன. ஆனால் கூகுளுக்குத் தெரிந்திருந்தது முகப்புப் பக்கம், எம்மைப் பற்றி, தொடர்புகளுக்கு என மூன்று பக்கங்கள் மட்டுமே. பிணைச்சல், பூட்டு, குழாய், பெயின்ட் எதுவுமே பதிவாகவில்லை. அந்தப் பொருட்களுக்குச் செல்ல அங்கிருந்தது ஒரேயொரு தேடல் பெட்டி. அதற்கு மேல் 'பொருட்கள்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால்தான் பட்டியல் விரியும். அதற்குப் பின்னால் முகவரி எதுவும் இல்லை. இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான சரக்கைக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியில் பெயர்ப் பலகை மட்டும் மாட்டியதற்கு ஒப்பானது இது.

பொதுவாக வழியை அடைக்கும் விடயங்கள் இவை.

முதலாவது, முகவரி இல்லாத பொத்தான்கள். ஓர் இணைப்பு உண்மையான இணைப்பாக இருக்க வேண்டுமானால் அதற்குள் செல்ல வேண்டிய பக்கத்தின் முகவரி எழுதப்பட்டிருக்க வேண்டும். வடிவமைப்பாளர்கள் இதனை 'எச்ரெஃப்' என்பர். ஜாவாஸ்க்ரிப்ட் மூலம் இயங்கும் தளங்களையும் கூகுள் இப்போது வாசிக்கிறது. ஆனாலும் முகவரியில்லாத பொத்தானை அது இணைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இதைச் சோதிக்க இலகுவான வழி உண்டு. கணனியில் அந்த மெனுவின் மீது மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்துங்கள். 'புதிய தாவலில் திற' என்ற தெரிவு வந்து, அது சரியான பக்கத்தையும் திறந்தால் பெரும்பாலும் நல்ல இணைப்பு. அந்தத் தெரிவே வராவிட்டால் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டியதுதான்.

இரண்டாவது, படமாகச் செய்யப்பட்ட மெனு. படத்தில் வரைந்த எழுத்து நமது கண்ணுக்கு எழுத்து, பொட்டுக்கு அது வெறும் படம். படத்தையே இணைப்பாக வைக்கத்தான் வேண்டுமென்றால், அதற்குரிய மாற்று எழுத்தை, அதாவது 'ஆல்ட்' எனப்படும் விளக்கத்தை எழுத வேண்டும். அந்த விளக்கத்தையே கூகுள் இணைப்பின் சொற்களாக எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது, பழைய தொழில்நுட்பம். ஒரு காலத்தில் ஆடிப் பாடும் ஃப்ளாஷ் மெனுக்கள் நாகரிகமாக இருந்தன. 2019இல் கூகுள் ஃப்ளாஷ் உள்ளடக்கத்தைப் பதிவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியுடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவையே முடித்துக்கொண்டது. அத்தகைய மெனுவை மட்டும் நம்பியிருந்த தளங்களில் மனிதருக்கும் வழி இல்லாமற் போயிற்று.

நான்காவது, எமது நாட்டுக்கே உரிய பிரச்சினை. பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் மெனுவும் கட்டுரையும் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கின்றன. அது திரையில் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. வாடிக்கையாளர் இன்று தனது கையடக்கத் தொலைபேசியில் யுனிகோட் தமிழில் 'பிணைச்சல்' என்று தேடுகிறார். உங்கள் பக்கத்திலோ அந்தச் சொல்லே இல்லை. இரண்டும் எப்படிச் சந்திக்கும்? பழைய பக்கங்களை யுனிகோடுக்கு மாற்றுவது கடினமான வேலையல்ல. மாற்றித் தரும் மென்பொருட்கள் இலவசமாகவே உள்ளன.

இணைப்பில் எழுதும் சொல்

தெருவுக்குப் பெயர் வைப்பது போலத்தான் இணைப்புக்குச் சொல் வைப்பதும். 'இங்கே கிளிக் செய்யவும்', 'மேலும்', 'விபரம்' என்று எழுதினால் அந்தப் பாதை எங்கே போகிறதென்று பொட்டுக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. 'பித்தளைப் பிணைச்சல்கள்', 'தண்ணீர் மோட்டார்கள்', 'வெளிச்சுவர்ப் பெயின்ட்' என்று எழுதினால் இருவருக்கும் தெரியும்.

சொல்லைத் தெரிவு செய்யும்போது கம்பனி வைத்த பெயரைவிட வாடிக்கையாளர் கடையில் வந்து கேட்கும் பெயரே சிறந்தது. 'நீர் முகாமைத்துவத் தீர்வுகள்' என்று யாரும் கேட்டு வருவதில்லை. 'தண்ணீர்த் தாங்கி' என்றுதான் கேட்பார்கள். கல்லாவில் நிற்பவரிடம் ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் பாவிக்கும் சொற்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல மெனுப் பட்டியலை எந்த நிபுணரும் தயாரித்துத் தர மாட்டார். அதேவேளை, ஒரே சொல்லைப் பத்து முறை திணிப்பதும் கூடாது. அது வாசிப்பவருக்குச் சலிப்பு, கூகுளும் அதை விதிமீறலாகவே கருதுகிறது.

எத்தனை கதவு தாண்ட வேண்டும்?

முகப்பிலிருந்து ஒரு பொருளுக்குச் செல்ல எத்தனை தடவை கிளிக் செய்ய வேண்டும் என்பது முக்கியமான கணக்கு. முகப்புப் பக்கத்திற்கு அண்மையில் உள்ள பக்கத்தை முக்கியமானது என்றும், ஆழத்தில் புதைந்திருப்பதை முக்கியமற்றது என்றும் தேடுபொறி எண்ண இடமுண்டு.

600 பொருட்களை ஒரே வரிசையில், பக்கத்துக்கு 20 வீதம் போட்டு, 'அடுத்தது' என்ற இணைப்பு மட்டும் வைத்தால் 30 பக்கங்கள் வரும். கடைசிப் பக்கத்தைக் காண முதற் பக்கத்திலிருந்து 29 தடவை அழுத்த வேண்டும். எந்த வாடிக்கையாளர் அவ்வளவு பொறுமையாக இருப்பார்? அதே பொருட்களை 10 பிரிவுகளாக்கினால் பிரிவுக்கு 60 பொருட்கள், அதாவது மூன்று பக்கங்கள். பக்க எண்களையும் இணைப்பாகப் போட்டால் முகப்பிலிருந்து பிரிவு, பிரிவிலிருந்து பக்கம், பக்கத்திலிருந்து பொருள் என மூன்றே கிளிக்கில் எதையும் அடையலாம். சரக்கு அதேதான். அடுக்கிய விதம் மட்டுமே வேறு.

இதற்காக எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்டிவிடவும் கூடாது. நூறு பெயர்கள் கொண்ட மெனுவில் எதுவுமே கண்ணில் படாது. அதிகம் விற்கும் பொருட்களுக்கு மட்டும் முகப்பிலிருந்து நேரடி இணைப்புக் கொடுங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கங்களும் சில தளங்களில் உண்டு. நோன்புப் பெருநாள் சலுகைக்காக ஒரு பக்கம் போட்டு, அதன் முகவரியை வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு, மெனுவில் சேர்க்க மறந்துவிடுவார்கள். இவை அநாதைப் பக்கங்கள். தளத்தில் வேறு ஒரு பக்கத்திலிருந்தாவது இவற்றுக்கு வழி இருக்க வேண்டும்.

பொருட்பக்கத்தின் தலையில் 'முகப்பு, கதவுச் சாமான், பிணைச்சல், நான்கு அங்குலம்' என்று வழித்தடத்தை இணைப்புகளாகக் காட்டுவதும் நல்ல பழக்கம். கூகுள் மூலம் நேரே நான்கு அங்குலப் பிணைச்சலில் வந்து இறங்கியவர், தனக்கு ஐந்து அங்குலம் வேண்டுமென்றால் ஒரே அழுத்தில் பிணைச்சல் பகுதிக்குச் செல்லலாம். வழித்தடம் இல்லாவிட்டால் அவர் திரும்பிக் கூகுளுக்கே போவார். அங்கே அடுத்த கடை காத்திருக்கிறது.

ஒரு பொருள், அறுபது முகவரி

துணி, பாதணி, கைத்தொலைபேசி விற்பவர்கள் தமது தளத்தில் நிறம், அளவு, விலை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி வைக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு அது நல்ல வசதி. ஆனால் 5 நிறம், 4 அளவு, 3 விதமான வரிசை என்றால் ஒரே பிரிவுக்கு 60 முகவரிகள் உருவாகிவிடும். பொட் இந்த அறுபதிலும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, உண்மையான பொருட்பக்கங்களைப் பார்க்காமலே போகக்கூடும்.

இதற்காகவே 2009ஆம் ஆண்டில் கூகுள், யாஹூ, மைக்ரோசொப்ட் மூன்றும் சேர்ந்து 'கெனோனிகல்' எனும் குறிப்பை அறிமுகப்படுத்தின. 'இவையெல்லாம் ஒன்றே, மூலப் பக்கம் இது' என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. அது ஒரு பரிந்துரையே தவிரக் கட்டளையல்ல. எனவே பயனில்லாத சேர்க்கைகளுக்குப் பொட் செல்லாதபடி செய்துவிடுவதும் நல்லது. உங்கள் வடிவமைப்பாளரிடம் 'இதைச் செய்திருக்கிறீர்களா?' என்று கேட்டால் போதும்.

மூன்று மொழி, மூன்று வாசல்

எமது நாட்டில் வியாபாரம் செய்பவருக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தேவை. சில தளங்களில் மொழியை மாற்றினாலும் முகவரி மாறுவதில்லை. அப்படியென்றால் தேடுபொறியைப் பொறுத்தவரை அங்கே ஒரு மொழிதான் இருக்கிறது. மற்ற இரண்டும் எழுதியும் வீண்.

வேறு சில தளங்கள் வருபவர் எந்த நாட்டவர் என்று பார்த்துத் தாமாகவே மொழியை மாற்றிவிடுகின்றன. கூகுள்பொட் பெரும்பாலும் அமெரிக்க முகவரியிலிருந்தே வருகிறது. விரும்பும் மொழி எதுவென்றும் அது சொல்வதில்லை. எனவே அதற்கு எப்போதும் ஆங்கிலப் பக்கமே காட்டப்படும். தமிழும் சிங்களமும் அதன் கண்ணில் படாமலே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி, ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற இரு மொழிப் பக்கங்களுக்குச் சாதாரண இணைப்பு. இந்த மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்புகள் எனக் காட்டும் 'எச்ரெஃப்லாங்' என்ற குறிப்பைக் கூகுள் 2011 முதல் ஏற்றுக்கொள்கிறது. அதையும் சேர்த்தால் தமிழில் தேடுபவருக்குத் தமிழ்ப் பக்கமும் சிங்களத்தில் தேடுபவருக்குச் சிங்களப் பக்கமும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கைத்தொலைபேசியில் பார்த்தீர்களா?

காரியாலயக் கணனியில் பார்த்துத் தளத்தை ஏற்றுக்கொள்ளும் முதலாளிமார் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கூகுள் இப்போது தளங்களைக் கைத்தொலைபேசித் தோற்றத்திலேயே மதிப்பிடுகிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட இம்மாற்றம் படிப்படியாக வந்து, 2024 ஜூலை 5ஆம் திகதியின் பின் மீதமிருந்த தளங்களுக்கும் பொருந்தியது. கணனியில் பத்துப் பிரிவு காட்டிவிட்டு, கைத்தொலைபேசியில் இடமில்லை என்று நான்கை மட்டும் வைத்தால், அந்த நான்கைத்தான் கூகுள் காணும். மூன்று கோடு போட்ட பொத்தானுக்குள் மெனுவை மடித்து வைப்பதில் தவறில்லை. உள்ளே இணைப்புகள் முழுமையாக இருந்தால் சரி.

கடை மாறினால் சொல்லிவிட்டுப் போங்கள்

இணைய வியாபாரத்தில் நான் கண்ட பெரிய நட்டங்கள் ஏற்படுவது பெரும்பாலும் தளத்தைப் புதுப்பிக்கும் நாளில்தான். ஆடை வியாபாரம் செய்யும் ஒருவரது பழைய தளம் அழகில்லாவிட்டாலும் பல வருடங்களாகக் கூகுளில் நன்றாக வந்துகொண்டிருந்தது. புதிய வடிவமைப்பாளர் புதிய தளத்தைப் போட்டார். பக்க முகவரிகள் எல்லாம் மாறின. பழைய முகவரிகளுக்குச் சென்றவர்களுக்கு '404, பக்கம் இல்லை' என்ற அறிவித்தல் மட்டுமே கிடைத்தது. வெளியூர்களிலிருந்து வந்துகொண்டிருந்த விசாரணைகள் மெல்ல மெல்ல நின்றன. காரணம் புரியாமல் விளம்பரத்துக்குப் பணம் கொட்டினார். பல வருடம் சேர்த்த பெயரை ஓர் இரவில் துடைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையை வேறு தெருவுக்கு மாற்றும்போது பழைய கதவில் 'இன்ன இடத்திற்கு மாறிவிட்டோம்' என்று ஒட்டிவைக்கிறோம் அல்லவா? இணையத்தில் அதற்கு '301' என்று பெயர். ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்கு நிகரான புதிய பக்கத்திற்குத் திருப்பிவிடப்பட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்புவது பயன் தராது. அதைப் பக்கம் இல்லாததற்குச் சமமாகவே கூகுள் கருதும். குறைந்தது ஒரு வருடமாவது இந்த அறிவித்தல் இருக்க வேண்டும். முடிந்தால் எப்போதும் வைத்திருங்கள்.

வரைபடம் பாதைக்கு ஈடாகாது

'சைட்மெப்' எனும் தள வரைபடக் கோப்பை 2005இல் கூகுள் அறிமுகம் செய்தது. 2006இல் யாஹூவும் மைக்ரோசொப்டும் அதனை ஏற்றன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். புதிய பொருட்களைத் தேடுபொறிக்கு அறிவிக்க இது உதவும். ஆனால் வரைபடம் மட்டும் கொடுத்தால் போதும், மெனு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சிலர் சொல்வது சரியல்ல. வரைபடத்தில் இருக்கும் தெருவுக்கு ஊரில் பாதை இல்லையென்றால் யார் அங்கே போய்ச் சேர்வது?

நீங்களே சோதிக்கலாம்

கூகுளின் பெட்டியில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, அதையொட்டி முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைத் தட்டுங்கள். கூகுளுக்குத் தெரிந்த உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். கணக்குத் துல்லியமாக இராது, ஆயினும் அறுநூறு பொருளுக்கு மூன்று பக்கம் என்றால் நிலைமை விளங்கிவிடும். மேலும் சரியான விபரம் வேண்டுமானால் 'கூகுள் சேர்ச் கன்சோல்' என்ற இலவசச் சேவையில் பதிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் பதிவாகியுள்ளது, எது ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று அதுவே சொல்லும். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். வடிவமைப்பாளரின் பெயரில் மட்டும் இருந்தால், அவர் விலகும் நாளில் உங்கள் தகவலும் அவரோடு போய்விடும்.

அடுத்த முறை தளம் செய்யக் கொடுக்கும்போது, நிறம், படம் பற்றிக் கதைப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள். மெனுவில் உள்ளவை உண்மையான இணைப்புகளா? எந்தப் பொருளையும் மூன்று நான்கு கிளிக்கில் அடையலாமா? ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி உண்டா? கைத்தொலைபேசியிலும் முழு மெனு இருக்குமா? பழைய முகவரிகள் உரிய புதிய பக்கங்களுக்குத் திருப்பப்படுமா? இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு முற்பணத்தைக் கொடுங்கள்.

இவற்றைச் செய்தால் கூகுளில் முதலிடம் நிச்சயம் என்று நான் கூறமாட்டேன். முதலிடத்திற்கு உத்தரவாதம் தர எவராலும் முடியாது என்று கூகுளே எச்சரித்திருக்கிறது. எனவே அவ்வாறு உறுதி கூறிப் பணம் கேட்பவர்களிடம் அவதானமாக இருங்கள். போட்டியில் யார் முந்துவது என்பது சரக்கையும் விலையையும் நாணயத்தையும் பொறுத்தது. ஆனால் போட்டியில் பெயர் பதிவதற்கே வழி திறந்திருக்க வேண்டும். அந்தளவு வேலையை இந்த வாரத்திலேயே, பெரிய செலவின்றி, நீங்கள் ஆரம்பிக்கலாம்.